ஆச்சா, ஆவலியா?

கேக்கை வெட்டப் போகும் நேரத்தில்தான் ஜெய்னப்பின் போன் வந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்தத் துறையின் அலுவலகம். எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். மேஜைமேல் கேக், கேக்மேல் பச்சை நிறத்தில் ஒரு டிக். அன்று காலை திறக்கப்பட்ட புதிய இணையதளத்தில், தீர்ந்துபோன மனுக்களுக்குப் பக்கத்தில் வரும் அதே டிக். அதை வரைந்தவள் அனுப்பிரியா. பேக்கரிக்காரர் அதைப் பார்த்துக் கிரீமில் போட்டிருந்தார், கொஞ்சம் கோணலாக.

"மேடம், மொத வெட்டு நீங்கதான்," என்று கத்தியை நீட்டினார் கார்த்திகேசன். அலுவலகத்தின் கணினிப் பிரிவைப் பார்க்கிறவர். பண்ருட்டிக்காரர். "எங்க ஊர்ல பலாப்பழம் வெட்டச் சொன்னா கைக்கு எண்ணெய் தடவிக்கணும். இது ஈஸி."

எல்லோரும் சிரித்தார்கள். அனுப்பிரியா கைப்பேசியைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டி வராந்தாவுக்குப் போனாள்.

"அனும்மா! பச்சை வந்துடுச்சும்மா!"

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான்! ஒண்ணு ரெண்டு இல்லம்மா, வரிசையா வருது மெசேஜு. 'தங்கள் மனுவுக்குத் தீர்வு காணப்பட்டது', 'தீர்வு காணப்பட்டது'ன்னு. போனு நிக்காம அதுருது. அல்ஹம்துலில்லாஹ்! மச்சான் கெடச்சிட்டாரும்மா! நீ மதியத்துக்கு இங்கதான் சாப்புடுற. நெய்ச்சோறு ஆக்கப் போறேன். வரலன்னா பேசவே மாட்டேன்."

அனுப்பிரியா வாயைத் திறப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஜெய்னப்பின் கணவர் முஹம்மது இஸ்மாயில் வளைகுடாவுக்கு லாரி ஓட்டப் போனவர். போன புதிதில் தினமும் பேசினார். ஒருநாள் போன் அணைந்தது. அதன் பிறகு நான்கு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு தகவலும் இல்லை. அனுப்பி வைத்த ஏஜென்ட் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டான். கணவரைத் தேடித் தரச் சொல்லி ஜெய்னப் திங்கட்கிழமைதோறும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து மனு கொடுப்பாள். ஒரே மனு. ஒவ்வொரு வாரமும் புதிதாக எழுதியது. ஒரு திங்கள் விட்டாலும் ஃபைல் அடியில் போய்விடும் என்பது அந்த வரிசையில் நிற்கிற எல்லோருடைய நம்பிக்கை. அலுவலகத்திலும் ஒவ்வொன்றையும் புது எண் போட்டு ஏற்றிக்கொண்டார்கள்.

அனுப்பிரியாவும் சிதம்பரத்துப் பெண்தான். சென்னையில் ஒரு நிறுவனத்தில் யூ.எக்ஸ். டிசைனர். அது என்ன வேலை என்று அம்மாவுக்கு விளக்கி ஓய்ந்து, "வெப்சைட்ட ஜனங்களுக்குப் புரியிற மாதிரி மாத்துறதும்மா" என்று சுருக்கிவிட்டாள். "அப்ப முன்னாடி புரியாத மாதிரி பண்ணவனுக்கும் சம்பளம் குடுத்தாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

கொடுத்துத்தான் இருந்தார்கள். பழைய தளத்தில் மனு எண்ணைத் தட்டினால் 'நிலை' என்று ஒரு வரி வரும். 'பரிசீலனையில் உள்ளது', 'மேல்நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கப்பட்டது', 'வேறு துறைக்கு மாற்றப்பட்டது', 'அதிகார வரம்புக்கு அப்பாற்பட்டது', 'ஏற்பதற்கில்லை'. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். போன வருடம் அனுப்பிரியா மனு வரிசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் டேப்லெட்டைக் கொடுத்து, அவரவர் மனுவைத் தேடச் சொல்லி, விரல் எங்கே தடுமாறுகிறது என்று கவனித்தாள். அப்படி வந்து உட்கார்ந்தவள்தான் ஜெய்னப்.

"இது என்னம்மா நீலக் கலரு?"

"வேற துறைக்கு மாத்திட்டாங்கன்னு அர்த்தம்க்கா."

"எந்தத் துறை?"

"அது... இதுல போடல."

"சரி, போன வாரத்து மனுவப் பாரு. அது மஞ்சள். அதுக்கு முந்தினது திரும்ப நீலம். நான் ஒரே ஆளத்தான தேடச் சொல்றேன்? மனுஷன் ஒருத்தரு, கலரு மட்டும் ரெண்டா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெய்னப்பும் சிரித்தாள். பிறகு டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இவ்ளோ ஜாஸ்தியா எதுக்கும்மா? ஆச்சா, ஆவலியா? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

அந்த வாக்கியத்தை அனுப்பிரியா தன் பிரசன்டேஷனின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டாள். அதிகாரிகள் ரசித்தார்கள். புதிய தளத்தில் இரண்டே நிலைகள் என்று முடிவாயிற்று. மஞ்சள் என்றால் பரிசீலனையில். பச்சை என்றால் தீர்வு காணப்பட்டது. ஒரே ஆள் ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்த மனுக்களைச் சேர்த்து முடித்துவிடுவது என்பதும் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாயிற்று. வேறு துறைக்கு அனுப்பிவிட்ட மனுவை என்ன நிறத்தில் காட்டுவது என்று கார்த்திகேசன் கேட்டார். "நம்ம பக்கம் வேலை முடிஞ்சா பச்சைதான சார்," என்றாள் அனுப்பிரியா. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. யாரும் மறுக்கவில்லை.

இப்போது வராந்தாவிலிருந்து ஓடிவந்தவள் கார்த்திகேசனின் கணினியில் ஜெய்னப்பின் எண்ணைத் தட்டினாள். திரை முழுக்கப் பச்சை. ஒன்றைத் திறந்து உள்ளே பார்த்தாள். 'வேறு துறைக்கு அனுப்பப்பட்டது' என்பதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. அடுத்ததிலும் அதுதான். இஸ்மாயிலை யாரும் கண்டுபிடிக்கவில்லை. யாரும் தேடியதாகக்கூடத் தெரியவில்லை.

"சார், உடனே ஒரு மெசேஜ் அனுப்பணும். முன்னாடி போனது தவறுன்னு."

கார்த்திகேசன் வாயிலிருந்த கேக்கை விழுங்கினார். "எத்தினி பேருக்குப் போயிருக்கு தெரியுமா மேடம்? தப்பா அனுப்பிட்டோம்னு நாமளே எழுதிக் குடுத்தா நாளைக்குப் பேப்பர்ல வரும். நிலுவை ஸீரோன்னு இப்பதான் மேல போன் பண்ணிச் சொன்னாரு பெரியவரு."

"அந்தம்மா புருஷன் வந்துட்டாருன்னு சமைச்சிக்கிட்டிருக்காங்க சார்."

கார்த்திகேசன் டிஷ்யூவால் விரல்களைத் துடைத்தார். "நீங்க நேர்ல போயிச் சொல்லிடுங்க," என்றார் மெதுவாக. "மத்தவங்களுக்கு நான் என்ன பண்ண முடியுதுன்னு பாக்குறேன்."

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டும்வரை போனிலேயே சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டு வந்தாள். மூன்று முறை எண்ணை எடுத்தாள், மூன்று முறையும் வைத்துவிட்டாள். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது இனி போனில் சொல்வதில் அர்த்தமில்லை என்று ஆகிவிட்டது.

பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் ஜெய்னப்பின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாசலில் அத்தனை செருப்புகள். நெய் காயும் வாசனை தெருமுனைக்கே வந்துவிட்டது.

"வாங்க வாங்க!" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான் தவ்ஹீத். இஸ்மாயிலின் தம்பி. கீழவீதிப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். "இவுங்கதான் அந்த வெப்சைட் பண்ணவங்க!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்க வூட்டு பட்டாவையும் இப்படிப் பச்சை பண்ணி வுடும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்," என்றாள் இன்னொருத்தி. "மொதல்ல ஒம் புருஷன மாத்தித் தரச் சொல்லி மனு போடு," என்று யாரோ சொல்ல, சிரிப்பு ஓட்டின்மேல் போய் முட்டியது.

ஜெய்னப் உள்ளறையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் ஆண்களின் சட்டைகள். பெட்டியில் பல நாள் மடிந்து கிடந்த கோடுகள் போகவில்லை, தண்ணீர் தெளித்துத் தெளித்து அழுத்தினாள்.

"மெலிஞ்சிருப்பாரு. தொளதொளன்னு கெடக்கும். போட்டுக்கட்டும், அப்புறம் சோறு எதுக்கு இருக்கு?" என்றாள் நிமிராமல். "எந்த ப்ளைட்டுன்னு எப்ப சொல்வாங்கம்மா? சமீரா காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கா. அவரு போவும்போது இவ மூணாவது. இப்ப எட்டாவது. என்னை அத்தாவுக்கு அடையாளம் தெரியுமான்னு கேக்குறா."

"அக்கா, கதவச் சாத்துங்க."

ஜெய்னப் நிமிர்ந்தாள். அனுப்பிரியாவே கதவைச் சாத்தினாள்.

"அவரு கெடைக்கலக்கா. அந்த மெசேஜுக்கு அர்த்தம் அது இல்ல. மனுவ வேற துறைக்கு அனுப்பிட்டாங்க. அதனால இவங்க கணக்குல முடிஞ்சுதுன்னு போட்டுட்டாங்க. அவ்ளோதான்."

ஜெய்னப் முதலில் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அத்தினி மெசேஜுமா?"

"அத்தனையும்."

"ஒண்ணு தப்பா வரலாம். அத்தினி மனுவுக்கும் எப்படிம்மா தப்பா வரும்?"

அனுப்பிரியா இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டைகளைப் பார்த்தாள்.

"சரி," என்றாள் ஜெய்னப். கை தானாகச் சட்டையின் காலரைத் தடவிக்கொண்டிருந்தது. "வர்ற திங்கக்கெழம வந்து திரும்ப ஒண்ணு குடுத்துடறேன். அதுவாச்சும் மஞ்சளா இருக்கட்டும்."

"புதுசுல எடுத்துக்காதுக்கா. அதே விஷயத்தத் திரும்பக் குடுத்தா, ஏற்கெனவே தீர்வு கண்டாச்சுன்னு சொல்லித் தள்ளிடும்."

"அத யாரு அப்படி வெச்சா?"

"நான்தான்க்கா."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "ஜெய்னபு, சோறு எறக்கலாமா?"

"எறக்குங்க!" என்றாள் ஜெய்னப் சத்தமாக. அந்தக் குரல் மாறவே இல்லை. பிறகு தணிந்து, "சாப்புட்டுட்டுப் போவட்டும். வந்தவங்கள வெறும் வயிறா வெச்சிக்கிட்டு இதச் சொல்ல முடியாது," என்றாள். தண்ணீர் தெளித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள்தான் எல்லோருக்கும் பரிமாறினாள். அனுப்பிரியாவுக்கும். எப்ப வர்றாரு என்று கேட்டவர்களுக்கு, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். மகள் சமீரா தட்டோடு வந்து அனுப்பிரியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, சென்னை ஏர்போர்ட்டா, திருச்சியா?"

"பேசாம சாப்புடு," என்றாள் ஜெய்னப்.

அனுப்பிரியா எப்படியோ சாப்பிட்டு முடித்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரை தவ்ஹீத் கூட வந்தான். வழியில் அவனிடமும் சொன்னாள். அவன் நடப்பதை நிறுத்தவில்லை. நடந்துகொண்டே கேட்டான்.

"மச்சிக்குத் தெரிஞ்சுபோச்சா?" அண்ணன் மனைவியை அவர்கள் வீட்டில் மச்சி என்பார்கள்.

"சொல்லிட்டேன்."

"ஜமாஅத்துல போன வருஷமே சொன்னாங்க. இத்தன வருஷம் ஆயிடுச்சு, இனிமே அண்ணன் மவுத்தானதா வெச்சு இத்தா இருந்துக்கலாம்னு. இத்தான்னா தெரியும்ல? புருஷன் எறந்துட்டா வெளிய வராம, வெளி ஆம்பளைங்க கண்ணுல படாம, வெள்ள கட்டிக்கிட்டு இருக்குறது. மச்சி ஒத்துக்கல. கவர்மெண்டு இன்னும் தேடிக்கிட்டிருக்கு, மனு நிலுவையில இருக்கு, நான் எப்புடி இருப்பேன்னு கேட்டாங்க. அவுங்களும் அதோட வுட்டுட்டாங்க." அவன் மூக்கை உறிஞ்சினான். "அந்த மனு இருந்த வரைக்கும் அண்ணன் இருந்தாருங்க."

அந்த வாரம் முழுக்க அனுப்பிரியா கடலூரிலேயே தங்கிச் சண்டை போட்டாள். கம்பெனியோடு ஒரு சண்டை, அலுவலகத்தோடு ஒரு சண்டை. வேறு துறைக்குப் போன மனுவுக்குத் தனி நிறம் வேண்டும், எந்தத் துறை என்ற பெயர் வேண்டும், முடித்த மனுவை மீண்டும் திறக்க ஒரு பட்டன் வேண்டும்.

"தீர்வு எண்ணிக்க கொறையுமே மேடம்," என்றார் கார்த்திகேசன்.

"கொறையட்டும் சார்."

"மேல கேப்பாங்க."

"என்னைக் கைகாட்டுங்க."

அவர் கையெழுத்துக்கு ஃபைலை எடுத்துக்கொண்டு தானே மாடிக்கு, பெரிய அதிகாரியிடம் போனார். திரும்பி வந்தபோது ஒரு நிபந்தனையோடு வந்தார். "தெறக்க ஒரு பட்டன் வெச்சா, மனுவ வாபஸ் வாங்கவும் ஒண்ணு வெக்கச் சொல்றாரு. நாளைக்கு எவனாச்சும் சமாதானமாப் போயிட்டா? ஆனா ஓடிபி இல்லாம கூடாது. இல்லன்னா புரோக்கருங்க வந்து மூடிட்டுப் போயிடுவானுங்க."

சரி என்றாள். வெள்ளிக்கிழமை எல்லாம் தளத்தில் ஏறியது. அவள் முதலில் மீண்டும் திறந்தது ஜெய்னப்பின் கடைசி மனுவை. பச்சை போய் மஞ்சள் வந்தது. 'தங்கள் மனு மீண்டும் பரிசீலனையில் உள்ளது' என்ற செய்தி ஜெய்னப்பின் எண்ணுக்குப் போனதை உறுதிசெய்துகொண்டாள். அவளே கூப்பிடுவாள் என்று காத்திருந்தாள்.

கூப்பிடவில்லை. திங்கட்கிழமை மனு வரிசையிலும் ஜெய்னப் இல்லை. மறுநாள் தவ்ஹீத்தான் போன் செய்தான்.

"மச்சி உங்கள வரச் சொன்னாங்க. வரும்போது லேப்டாப்போ எதுவோ, கொண்டாரச் சொன்னாங்க."

இந்த முறை வாசலில் செருப்புகள் இல்லை. தவ்ஹீத் உள்ளே வராமல் தெருவிலேயே நின்றுகொண்டான். ஜெய்னப் அதே உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை. கையில் வளையல் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

அனுப்பிரியா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு எல்லாரும் சாப்புட்டுப் போனாங்கல்ல," என்று ஜெய்னப்பே ஆரம்பித்தாள். "மறுநா காலையில நான்தான் ஒவ்வொரு வூடாப் போயி சொன்னேன். அவரு வரல, தப்பா மெசேஜு வந்துடுச்சுன்னு. மொத வூட்ல சொல்லும்போது அழுவ வந்துச்சு. அடுத்த வூட்ல கொஞ்சம் சுளுவா வந்துச்சு. சொல்லிச் சொல்லி, தெருக்கோடி வூட்ல சொல்லும்போது எனக்கே தெரிஞ்சுபோச்சும்மா. அவரு வர மாட்டாரு."

அனுப்பிரியா அவள் கையைப் பிடித்தாள். ஜெய்னப் பிடிக்கவிட்டாள்.

"நானே ஜமாஅத்துக்கு ஆளனுப்பிச் சொன்னேன், இத்தாவுக்கு உக்காந்துட்டேன்னு. வெள்ளய கட்டிக்கிட்டு வந்து இங்க உக்கார்றேன், போனு அதுருது. மனு திரும்பப் பரிசீலனையில இருக்குன்னு." அவள் பக்கத்தில் கிடந்த கைப்பேசியைப் பார்த்தாள். "அது தேடிக்கிட்டிருக்கேங்குது. நான் அவரு மவுத்தானதுக்கு யாசின் ஓதிக்கிட்டிருக்கேன். நான் அவரு பொண்டாட்டியா, இல்லியா? நீயே சொல்லு."

"உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான்க்கா தொறந்தேன்."

"தெரியும்மா. நீ எதுவும் கெட்டதுன்னு நெனச்சுப் பண்ணல." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அனுப்பிரியாவுக்குத் தாங்கவில்லை. "மூடிடு. பச்சையா வேணாம். வேற எதுனா இருந்தா அதுல மூடு."

அனுப்பிரியா மடிக்கணினியைத் திறந்தாள். மனு எண்ணைத் தட்டினாள். 'மனுவைத் திரும்பப் பெற' என்பதை அழுத்தினாள்.

"ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வரும்க்கா. அதச் சொன்னாத்தான் மூடும்."

கைப்பேசி பாயில் அதிர்ந்தது. ஜெய்னப் அதை எடுத்துக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தாள். மூடியிருந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் நின்று, கிளம்பிப் போனது. ஜெய்னப் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். ஆறே எண்கள். திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்து நின்றது.

"நேரம் முடிஞ்சுபோச்சுக்கா."

"திரும்ப அனுப்பு."

அனுப்பினாள். இந்த முறை ஜெய்னப் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். ஏழு. ரெண்டு. ரெண்டு. ஒம்போது. அனுப்பிரியா தட்டிக்கொண்டே வந்தாள். நாலு. கடைசி எண்ணுக்கு முன்னால் ஜெய்னப் நிறுத்தினாள். அனுப்பிரியா திரையைப் பார்க்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"ஒண்ணு," என்றாள் ஜெய்னப்.

தட்டினாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

ஜெய்னப் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சமீரா ஸ்கூல் வுட்டு வர்ற நேரம். மனு இன்னும் இருக்குன்னுதான் அவ நெனச்சிக்கிட்டிருக்கா. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ கெளம்பும்மா."